விசிறித் தாளைப் பிரித்துச் சுருளில் ஒட்டிய பழைய ஜப்பானிய ஓவியம்: மடிப்புக் கோடுகளை எடுத்துவிடலாமா?

கமோக்கரை

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சேன், இதுதான் நான் ஆரம்பிக்கிற முதல் இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கியோட்டோவுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. மாசாமாசம் 21-ஆம் தேதி டோஜி கோயில் வளாகத்துல பழைய சாமான் சந்தை கூடும், 'கோபோ-சான்'னு சொல்லுவாங்க. வேடிக்கை பார்க்கத்தான் போவேன். இதுவரைக்கும் ரெண்டு தேநீர்க் கிண்ணமும் கைப்பிடி ஆடுற ஒரு இரும்புக் கெட்டிலும்தான் வாங்கியிருக்கேன். போன தடவை தார்ப்பாய் மேல குவிச்சு வெச்சிருந்த தொங்கு சுருள்கள்ல ஒண்ணைக் கடைக்காரர் விரிச்சுக் காட்டினார். அதுக்கப்புறம் அங்கிருந்து நகர முடியல.

சுருள் மொத்தம் 120 செ.மீ. உயரம், 60 அகலம் இருக்கும். நடுவுல இருக்கிற ஓவியம் சதுரம் இல்ல. மடக்கு விசிறியை முழுசா விரிச்சா வர்ற வடிவம், மேல பெரிய வளைவு, கீழ சின்ன வளைவு. குச்சியெல்லாம் உருவிட்டுத் தாளை மட்டும் ஒட்டியிருக்காங்க. மையால ஒரு பாறை, பக்கத்துல ஆர்க்கிட் செடி, நீள நீளமா நாலஞ்சு இலை. தாள்ல அபிரகம், அதான் மைக்காப் பொடி, பூசியிருக்காங்க போல, சாய்ச்சுப் பார்த்தா மீன் செதில் மாதிரி மினுங்குது. இடது ஓரத்துல ரெண்டு எழுத்து, ஒரு சிவப்பு முத்திரை. கூடவே ஒரு மரப்பெட்டி, மூடியில தூரிகை எழுத்து. கடைக்காரர் "டைகா, டைகா"ன்னு ரெண்டு தடவை சொன்னார். 12,000 யென் கேட்டு, 8,000-க்குக் கொடுத்துட்டார்.

பிரச்சினை மடிப்புக் கோடுதான். கோடு நெடுக மை உதிர்ந்திருக்கு. ஒவ்வொரு இலையும் மடிப்பைத் தாண்டுற இடத்துல வெள்ளையா துண்டு விழுந்திருக்கு. பார்க்கவே மனசு கேக்கல. அழுத்தி நேராக்கி, உதிர்ந்த இடத்துல மை தொட்டு வெச்சு, சுத்தியிருக்கிற பட்டுத் துணியையும் புதுசா மாத்திடலாம்னு நினைக்கிறேன். தை மாசம் ஊருக்கு வரும்போது மயிலாப்பூர் வீட்டு ஹால்ல மாட்டணும். செய்யலாமா? அப்புறம், இது நிஜமாவே டைகாதானா?

சந்தேகசாமி

8,000 யென்னுக்கு, 18-ஆம் நூற்றாண்டுப் பெரிய ஓவியர் இகே டைகாவா? நம்ம ஊர்ல பரண்ல கிடந்த அச்சுப் படத்தை "ஒரிஜினல் ரவிவர்மா"ன்னு விக்கிற கதைதான்.

டைகாவைப் பற்றி ஒரு கதை உண்டு. இளவயசுல விசிறி வரைஞ்சு வித்துப் பிழைச்சவர். சீன ஓவியப் புத்தகத்தைப் பார்த்துப் புது பாணியில வரைஞ்சதால யாரும் வாங்கல. வெளியூர்ல விக்கலாம்னு எடுத்துட்டுப் போயும் போணி ஆகல. திரும்பி வரும்போது செட்டா பாலத்து மேல நின்னு, டிராகன் சாமிக்குக் காணிக்கைன்னு சொல்லி அத்தனை விசிறியையும் ஆத்துல விட்டுட்டாராம். அதுல ஒண்ணு மிதந்து மிதந்து டோஜி வந்து சேர்ந்திருந்தா உங்க அதிர்ஷ்டம்.

பனங்காய்

அடிப்படைக் கேள்வி. விசிறின்னா விசிறத்தானே? அதை ஏன்யா பிரிச்சு சுவத்துல மாட்டணும்? எங்க பாட்டி பனையோலை விசிறியை அடுப்பு ஊதவும் வெச்சிருந்தாங்க, என் முதுகுல போடவும் வெச்சிருந்தாங்க. சுவத்துல மாட்டினது மட்டும் இல்ல.

நாராமான்

தம்பி கமோக்கரை, நான் நாராவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சுருள் ஒட்டும் வகுப்புக்குப் போய்ப் பசை நாற்றத்துடன் வீட்டுக்கு வந்து திட்டு வாங்குகிறவன். தொழில்முறை ஆள் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பனங்காயின் கேள்வி. நல்ல கேள்விதான். பனையோலை விசிறி மாதிரி மடங்காத விசிறியை இங்கே 'உச்சிவா' என்பார்கள். மடக்கு விசிறி வேறு, அது 'ஓகி' அல்லது 'சென்சு'. மடக்கு விசிறி ஜப்பானில் பிறந்தது. ஆரம்பத்தில் தாளே கிடையாது, ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் மெல்லிய தகடுகளை நூலால் கோத்தார்கள். 877-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடன் அப்படி ஒரு விசிறி கிடைத்திருக்கிறது. எங்கே தெரியுமா? நீங்கள் சுருள் வாங்கிய அதே டோஜியில், கன்னோன் என்ற போதிசத்துவரின் ஆயிரங்கைச் சிலையின் கைக்குள்ளிருந்து. தாள் விசிறி பிறகு வந்தது.

விசிறித் தாளைத் தனியே எடுத்துப் பாதுகாப்பதும் பழைய வழக்கம். தாவாராயா சோடாட்சு 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கியோட்டோவில் ஓவியக் கடை நடத்தியவர், விசிறிதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. அவர் கைவண்ண விசிறித் தாள்கள் ஒட்டிய ஒரு ஜோடி மடக்குத் திரை டைகோஜி கோயிலில் இருக்கிறது. தங்கப் பின்னணியில் விசிறிகள் காற்றில் பறக்கிற மாதிரி சிதறிக் கிடக்கும். குச்சி ஒடிந்தால் விசிறி குப்பை, ஆனால் தாளில் இருப்பது பெரிய கை. அதனால் பிரித்துத் திரையிலோ ஆல்பத்திலோ சுருளிலோ ஒட்டினார்கள்.

இன்னொரு சங்கதி. மடக்கு விசிறியின் தாள் ஒற்றைத் தாள் இல்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நடுவில் மிக மெல்லிய தாள். அந்த நடுத்தாளை இரண்டாகப் பிளந்து, அந்த இடைவெளிக்குள்தான் மூங்கில் குச்சியைச் செருகுவார்கள். ஆகவே கைதேர்ந்த ஒட்டுக்காரர் ஒரு விசிறியிலிருந்து முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு ஓவியங்களை உரித்து எடுத்துவிடலாம். உங்களுடையதற்கும் ஒரு மறுபக்கம் இருந்திருக்கலாம்.

டைகாவா என்பதற்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். சுருளின் உருளைத் தண்டு உட்காருவதற்கு இரண்டு பக்கமும் குழிவான மரத் தாங்கி இருக்கும், 'மகுரா' என்று பெயர், தலையணை என்று அர்த்தம். உங்கள் சுருளின் தண்டு முனைக் குமிழ்கள் அந்தக் குழியில் சரியாக உட்காருகின்றனவா? அளந்து சொல்லுங்கள். மூடி எழுத்தையும் சொல்லுங்கள்.

அடுத்தது, நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், அது ஒன்று வாங்குங்கள். பத்து மடங்கு போதும். மையைப் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் ஆஃப்செட் அச்சு, தூக்கிப் போடலாம். புள்ளி இல்லாமல், சேறு காய்ந்து வெடித்த மாதிரி நுண்ணிய நெளிவுகள் தெரிந்தால் கொலோடைப், பழைய புகைப்பட அச்சு முறை. அதுதான் ஏமாற்றும், ஏனென்றால் முத்திரையை மட்டும் கையால் சிவப்பாகக் குத்தியிருப்பார்கள். எதுவும் இல்லாமல் மை தாளுக்குள் இறங்கி, சில இடங்களில் தேங்கிக் கரை கட்டியிருந்தால் தூரிகை.

மடிப்புக் கோட்டில் மட்டும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

கமோக்கரை

அண்ணா, ரொம்ப நன்றி. ஆபீஸ்ல ஜப்பானிய நண்பர் மூடியைப் படிச்சார். 'சென்மென் ரான்சு', அதாவது விசிறி முகத்தில் ஆர்க்கிட் படம். கீழ டைகா பெயர் இருக்கு. மூடியோட உள்பக்கம் "உண்மையானது"ங்கிற மாதிரி யாரோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. படமும் ஆர்க்கிட், பேரும் ஆர்க்கிட். கொஞ்சம் தலைகால் புரியல எனக்கு.

அப்புறம் அளந்தேன். தாங்கிக் குழிக்கும் குழிக்கும் நடுவுல 66 செ.மீ. சுருள் குமிழோட சேர்த்து 63 தான். உள்ள வெச்சா தொட்டில் பிள்ளை மாதிரி இங்கேயும் அங்கேயும் உருளுது.

சந்தேகசாமி

😀😀 கல்யாண மாப்பிள்ளைக்கு இரவல் சட்டை.

நாராமான்

அதேதான். 'அவாசெபாக்கோ' என்பார்கள், வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்த பெட்டி. ஓவியரே எழுதிக் கையெழுத்திட்ட சொந்தப் பெட்டி 'டொமொபாக்கோ'. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆர்க்கிட் என்பதால் பொருந்துகிறது என்று நினைக்காதீர்கள். பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி இந்த நான்கும் சீன அறிஞர் பாணியில் வரைந்த ஓவியக்காரர்களுக்கு அரிச்சுவடி. தூரிகை பிடித்தவன் எல்லாம் வரைந்திருக்கிறான். பழைய பெட்டி ஒன்றில் 'விசிறி ஆர்க்கிட்' என்று இருந்தால், அதற்கேற்ற ஒரு விசிறி ஆர்க்கிட்டைத் தேடிப் பிடிக்கக் கடைக்காரருக்கு ஒரு மாதம் போதும். கடைக்காரர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன், அவர் கைக்கு வரும்போதே சேர்ந்து வந்திருக்கலாம். டைகா பெயரில் போலி ஏராளம், அவர் காலத்துக்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக ஓடிய தொழில் அது.

என் ஊகம், ஊகம் மட்டும்: 19-ஆம் நூற்றாண்டு, உள்ளூர் கை. அபிரகம் பூசிய தாள் அந்தக் காலத்து விசிறிகளில் சகஜம்.

ஓலைச்சுவடி

கமோக்கரை, நான் சென்னையில் ஒரு நூலகத்தில் சுவடி, காகிதப் பாதுகாப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஜப்பானியச் சுருளை நான் பிரித்து ஒட்டியதில்லை, ஆனால் அவர்களுடைய தாளையும் பசையையும் வருடக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். காகித வேலை செய்கிறவர்கள் உலகம் முழுவதும் அதைத்தான் தேடுகிறார்கள்.

"அழுத்தி நேராக்கி" என்று எழுதியிருக்கிறீர்களே, எதை வைத்து அழுத்துவதாக உத்தேசம்? இஸ்திரிப் பெட்டி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அபிரகப் பூச்சு தாளின் மேல் ஒரு படலமாகத்தான் நிற்கிறது. ஈரமும் சூடும் பட்டால் பொடியாக எழும்பும், அதன் மேல் இருக்கிற மையும் கூடவே போகும்.

பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுருளின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஓவியத்துக்குப் பின்னால் மூன்று, நான்கு அடுக்குத் தாள் ஒட்டியிருக்கும். முதல் அடுக்கு மெல்லிய மினோ தாள், அதற்குப் புதிதாகக் காய்ச்சிய கோதுமை மாவுச்சத்துப் பசை. அதற்குப் பின்வரும் அடுக்குகளுக்கு 'ஃபுருநோரி', பழைய பசை. கடும் குளிர்காலத்தில் காய்ச்சிப் பெரிய ஜாடியில் ஊற்றி, குளிர்ந்த இருட்டில் பத்து வருடம் வைத்திருப்பார்கள். மேலே பூசணம் ஆடையாகப் படியும். வருடத்துக்கு ஒருமுறை வழித்தெறிந்து தண்ணீர் மாற்றுவார்கள். நம் ஊரில் பழைய சோற்றையே ஒரு நாளைக்கு மேல் வைக்க யோசிப்போம். பத்து வருடத்தில் அந்தப் பசை கிட்டத்தட்ட ஒட்டும் சக்தியையே இழந்துவிடும். அதுதான் வேண்டும். பசை வலுவாக இருந்தால் காய்ந்து விறைத்துவிடும், சுருட்டும்போது ஓவியம் உடையும். வலுவில்லாத பசையைப் பிடிக்க வைக்க, கனமான தூரிகையால் பின்பக்கம் முழுவதும் தட்டித் தட்டித் தாளின் நாரை ஒன்றோடொன்று பின்ன விடுகிறார்கள். நூறு வருடம் கழித்து இன்னொருவர் ஈரம் கொடுத்தால் அடுக்கு அடுக்காகக் கழன்று வரும்.

ஆகவே மறு ஒட்டு சாத்தியமா என்றால், சாத்தியம். தேவையா என்பது வேறு கேள்வி. மை உதிர்கிறது என்றால் அதை நிலைப்படுத்தத்தான் வேண்டும். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் டார்ச் அடித்து, அந்த வெள்ளைத் துண்டுகளை நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். உதிர்ந்த மையா, உதிர்ந்துகொண்டிருக்கும் மையா என்று பார்க்க வேண்டும்.

யாழ்நூலன்

கனடாவில இருந்து எழுதிறன். நான் விட்ட பிழையை நீங்கள் விடாதேங்கோ தம்பி. எனக்கும் ஒரு விசிறி ஓவியம் கிடைச்சது, சின்னக் குருவியும் மூங்கிலும். இஞ்ச ஒரு ஃபிரேம் கடையில குடுத்தனான். சுருளை வெட்டி, அட்டையில மரவேலைக்குப் போடுற வெள்ளைப் பசையால ஒட்டி, விடுபட்ட இடமெல்லாம் கறுப்பு மை பூசித் தந்தாங்கள். கண்ணாடிக்குள்ள அச்சுப் படம் மாதிரிக் கிடக்குது. மூங்கில் முந்தி ஆடினது, இப்ப கம்பி மாதிரி நிக்குது. திரும்பக் கழட்டவும் ஏலாது.

தூரிகை

நான் ஓவியம் வரைகிறவள். ஒரு கேள்வி கேட்கிறேன், கமோக்கரை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

விசிறியில் வரைய இரண்டு வழி. தட்டையான தாளில் வரைந்து, பிறகு மடித்துக் குச்சி செருகுவது ஒன்று. கடைச் சரக்கு அப்படித்தான். விசிறி வடிவத்தில் தாளை வெட்டி, மடிக்காமலேயே வைத்துக்கொள்வதும் உண்டு, அதில் கோடே இருக்காது. இன்னொன்று, மடித்துக் குச்சி செருகிய முழு விசிறியை யாரோ நீட்டுகிறார்கள், "ஐயா, இதில் ஏதாவது போட்டுத் தாருங்கள்." எடோ காலத்துக் (1603–1868) கடைசியில் ஜப்பானில் ஓவியர்களும் கையெழுத்துக் கலைஞர்களும் கூடும் விருந்துகள் நிறைய நடந்தன. வந்தவர்கள் விசிறியை நீட்ட, குடித்துக்கொண்டே வரைந்து கொடுப்பார்கள்.

முதல் வகையில் தூரிகை சமதளத்தில் ஓடியிருக்கும். பிறகு மடித்ததால் மடிப்பின் முகட்டில் மை தேயும், வெடிக்கும். இரண்டாவது வகையில் தாள் ஏற்கெனவே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வேகமாக ஒரு இலையை இழுத்தால் தூரிகை மேட்டைத் தொட்டு, பள்ளத்தைத் தாண்டிக் குதித்து, அடுத்த மேட்டில் இறங்கும். பள்ளத்தில் மை விழுந்தே இருக்காது.

உங்கள் வெள்ளைத் துண்டுகள் எல்லா மடிப்பிலும் இருக்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றிலா? அந்த இடத்தில் அபிரகம் இருக்கிறதா, போய்விட்டதா?

நாராமான்

அடடா. இதை நான் யோசிக்கவே இல்லை.

கமோக்கரை

லென்ஸ் வாங்கிட்டேன். ராத்திரி பத்து மணிக்குத் தரையில விரிச்சு, போன் டார்ச்சைப் பக்கத்துல படுக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் குப்புறப் படுத்தே கிடந்தேன்.

அச்சு இல்ல. மை தேங்கின இடத்துல கரை கட்டியிருக்கு, நாராமான் அண்ணா சொன்னபடியே.

தூரிகை மேடம் கேட்டது. ரொம்ப நீளமான இலை பாறையிலிருந்து கிளம்பி இடது பக்கம் வளைஞ்சு ஆறு மடிப்பைத் தாண்டுது. அதுல வெள்ளைத் துண்டு மூணு இடத்துல மட்டும். ஒண்ணுவிட்டு ஒண்ணு. முகட்டு மடிப்புல மை முழுசா இருக்கு, கொஞ்சம் தடிப்பாவும் இருக்கு. பள்ளத்து மடிப்புலதான் காணோம். அந்த வெள்ளை இடத்தை லென்ஸ்ல பார்த்தா அபிரகம் அப்படியே மினுங்குது, சுரண்டின தடம் கூட இல்ல. துண்டு விழுற இடத்துக்கு முன்னாடி மையோட ஓரம் கிழிஞ்ச மாதிரி இல்ல, நார் நாரா பிரிஞ்சு நிக்குது, தூரிகை மயிர் காத்துல எழும்பின மாதிரி. அடுத்த பக்கம் இறங்குற இடத்துல சொட்டு வெச்ச மாதிரி ஒரு குண்டு.

உதிரவே இல்லைங்க. அங்க மை எப்பவுமே இருந்ததில்ல.

இன்னொண்ணு. சின்ன இலைகள்ல, அதாவது வேகமில்லாம மெதுவா போட்ட இலைகள்ல, பள்ளத்துக்குள்ளயும் மை இறங்கியிருக்கு. நீள இலையை மட்டும் ஒரே இழுப்புல இழுத்திருக்கார்.

தூரிகை

அப்படியானால் அது முழு விசிறியாக இருந்தபோது வரைந்தது. உங்களுக்கு மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா போதும்.

மடிப்பை அழுத்தி எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேடு பள்ளம் போய்விடும், துண்டு விழுந்த இலை மட்டும் தட்டைத் தாளில் நிற்கும். பார்க்கிறவனுக்கு வரையத் தெரியாதவன் கை மாதிரித் தெரியும். மையைத் தொட்டு நிரப்பினால் இன்னும் மோசம். அந்த மனிதர் தூரிகையைத் தூக்காமல் குதித்த இடம் அது. யாழ்நூலன் ஐயாவின் மூங்கில் கம்பியானது அதனால்தான்.

ஓலைச்சுவடி

என் முந்தைய பதிலில் "நிலைப்படுத்த வேண்டும்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். உதிராத மையை நிலைப்படுத்த வேண்டியதில்லை. எத்தனை குச்சித் தடம் இருக்கிறது, எண்ணினீர்களா?

கமோக்கரை

எண்ணினேன் அக்கா. நடுவுல எட்டு. குச்சி இருந்த பட்டைகள் மட்டும் லேசா உப்பலா, கொஞ்சம் பழுப்பா இருக்கு.

நாராமான்

எட்டும், இரண்டு ஓரத்துத் தடித்த குச்சியும் சேர்ந்தால் பத்து. நாட்டிய விசிறிக்குப் பத்துக் குச்சிதான் வழக்கம். 'நோ' என்ற மரபு நாடகத்தில் பிடிக்கும் விசிறிக்குப் பதினைந்து. இப்போது கடையில் கிடைக்கும் கோடைக்கால விசிறிக்கு இருபத்தைந்து, முப்பதுக்கு மேலும் போகும். அதற்காக உங்களுடையது நாட்டியக்காரி கையில் இருந்தது என்று கதை கட்ட வேண்டாம், பத்துக் குச்சி விசிறியைப் பலரும் வைத்திருந்தார்கள். ஓரப் பட்டைகளில் அழுக்கு எப்படி?

கமோக்கரை

வலது ஓரப் பட்டை மத்ததைவிட நல்லா கறுத்திருக்கு. நான் அதைக் கறைன்னு நினைச்சேன்.

நாராமான்

மடக்கியபோது வெளியே தெரிந்த பட்டையாக இருக்கும். கைபட்ட அழுக்கு.

சந்தேகசாமி

சரி, நானும் கேட்டு வைக்கிறேன். டைகாவும் இல்ல, பெட்டியும் இரவல். ஆளே யாருன்னு தெரியாது. இதை ஏன் பத்திரமா வெச்சுக்கணும்? எட்டாயிரத்துக்கு என்ன மிஞ்சினது?

தூரிகை

ஒரு இழுப்பு மிஞ்சியது. சந்தேகசாமி, ஒரு மடக்கு விசிறியை வாங்கி, பேனா தூரிகையால் ஒரே மூச்சில் ஒரு வளைகோடு போட்டுப் பாருங்கள். நான் நேற்று இருபது தடவை முயன்றேன். ஒன்று பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் மேட்டில் இடறி வளைவு உடைகிறது. ஆறு மடிப்பைத் தாண்டி வளைவு கெடாமல் போவது சும்மா வராது. பெயர் தெரியாவிட்டால் என்ன?

பனங்காய்

நான் முயன்றேன். என் விசிறியில் வந்தது ஆர்க்கிட் இல்ல, ஈசிஜி.

ஓலைச்சுவடி

இனி ஊருக்குக் கொண்டுவரும் கதை.

உருளைத் தண்டின் குமிழ்கள் என்ன பொருள்? வெள்ளையாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பழைய சுருள்களில் யானைத் தந்தம் சகஜம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், இறக்குமதித் தந்தத்தையும் உள்ளே கொண்டுவந்த 1991 திருத்தமும் இருக்கின்றன. விமான நிலையத்தில் "பழசு சார்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். குமிழின் வட்ட முகத்தை லென்ஸில் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலை போலத் தெரிந்தால் தந்தம். ஊசியால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் என்றால் எலும்பு. சந்தேகம் இருந்தால் அங்கேயே ஒட்டுக்காரரிடம் கொடுத்து மரக் குமிழாக மாற்றிவிடுங்கள், சின்ன வேலைதான்.

மயிலாப்பூர் ஹாலில் நிரந்தரமாக மாட்டும் யோசனையை விடுங்கள். சுருள் அப்படி வாழும் பொருள் இல்லை. ஜப்பானிய வீட்டில் ஒரு விருந்தாளிக்காக, ஒரு பருவத்துக்காக மாட்டுவார்கள், பிறகு சுருட்டிப் பெட்டிக்குள் போய்விடும். விசிறி என்றால் கோடையில் வெளியே வரும். அருங்காட்சியகங்களே இந்த மாதிரி ஓவியத்துக்கு 50 லக்ஸ் அளவில் மங்கிய வெளிச்சம்தான் வைக்கின்றன, அதுவும் சில வாரங்களுக்கு. நம் கடற்கரை ஈரத்தில், ஏசி போட்டுப் போட்டு நிறுத்துகிற ஹாலில், பட்டு ஒரு பக்கம் இழுக்கும், தாள் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு மாதத்தில் ஓரம் சுருண்டுவிடும்.

அந்தப் பெட்டி இரவலாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பெட்டிகள் செய்கிற கிரி (பௌலோனியா) மரம் எடை இல்லாதது, வெளியே ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே அவ்வளவாகத் தெரிய விடாது. உள்ளே அந்துருண்டை போடுகிறவர்கள் அதையே போடுங்கள், கற்பூரம் போடுகிறவர்கள் அதையே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று கலந்து இளகி எண்ணெய் மாதிரி கசியும். எங்கள் நூலகத்திலேயே ஒரு அலமாரியில் ஒருவர் செய்துவைத்தார், கறை இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை காய்ந்த நாளாகப் பார்த்து வெளியே எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் அல்ல.

யாழ்நூலன்

அக்கா, ரெண்டும் சேர்த்துப் போட்டு வச்சிருக்கிறன். இப்பவே போய் எடுக்கிறன்.

சந்தேகசாமி

பட்டு மட்டும் மாத்தலாமே? முதல் இடுகையில பழுப்பா அழுக்கா இருக்குன்ற மாதிரி ஒரு தொனி தெரிஞ்சுது.

நாராமான்

மாற்றலாம், கியோட்டோவில் ஒட்டுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூலி, சுருள் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு வரும். அதற்கு மேல் ஒரு விஷயம். விசிறி, வட்டம் மாதிரி ஓரம் வளைந்த ஓவியத்தைப் பின்னணித் தாள் ஒன்றின் மேல் ஒட்டித்தான் சுருளாக்குவார்கள், 'டைபாரி' என்று பெயர். அந்தப் பின்னணித் தாளின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். வெளிறினால் விசிறி அழுக்காகத் தெரியும், அடர்ந்தால் அபிரகம் செத்துப்போகும். உங்கள் படத்தில் இருக்கிற சாம்பல் கலந்த பச்சையை யாரோ நிதானமாக உட்கார்ந்து தேர்ந்திருக்கிறார்கள். பட்டும் கந்தலாகவில்லை. புது மினுமினுப்பு வேண்டுமென்று அதைக் கழற்றினால், எனக்கு வயிறு எரியும்.

ஆனாலும் ஒரு தடவை ஒட்டுக்காரரிடம் காட்டுங்கள். சுருட்டின விதத்தில் குறுக்கு மடிப்பு விழ ஆரம்பித்திருந்தால், தண்டுக்கு மேலே கவசம் மாதிரி தடித்த மர உறை போட்டுத் தளர்வாகச் சுற்றச் சொல்வார், 'ஃபுத்தோமாக்கி'. அது வீண் செலவில்லை.

கமோக்கரை

கடைசிச் செய்தி. சனிக்கிழமை நண்பரையும் கூட்டிட்டு ஒரு ஒட்டுக்காரர் கடைக்குப் போனேன். எழுபது வயசு இருக்கும் அவருக்கு. சுருளை விரிச்சதும் பெயரையும் முத்திரையையும் அவர் பார்க்கவே இல்ல. விசிறியோட கீழ் வளைவுக்கு அடியில, குச்சிகளைக் கோக்கிற ஆணி இருந்திருக்க வேண்டிய இடத்துல, வெறும் பின்னணித் தாள் மேல விரலை வெச்சார். அங்கிருந்து ஒவ்வொரு மடிப்பா மேல் நோக்கி நகத்தை, தாள் மேல படாம, காத்துல ஓட்டினார். நீள இலைகிட்ட வந்ததும் சிரிச்சுட்டு என்னமோ சொன்னார். நண்பர் மொழிபெயர்த்தது: "சாக்கே குடிச்சிட்டு வரைஞ்சிருக்கார், ஆனா கொஞ்சமாத்தான் குடிச்சிருக்கார்."

மறு ஒட்டு வேண்டாம்னுட்டார். குறுக்கு மடிப்பு ரெண்டு ஆரம்பிச்சிருக்காம், தடித்த உறை செஞ்சு தர்றேன்னார். குமிழ் எலும்புதான், புள்ளி தெரிஞ்சுது, அவரும் அதையே சொன்னார். தையில ஊருக்கு எடுத்துட்டு வரல. அப்பா அம்மா சித்திரையில இங்க வர்றாங்க, அப்போ ஒரு வாரம் மாட்டலாம்.

தடித்த உறை போட்டா சுருள் பருத்துடும், பழைய பெட்டிக்குள்ள போகாது. புதுப் பெட்டிக்கும் சொல்லியிருக்கேன். பழைய பெட்டியை என்ன செய்யறதுன்னு கேட்டேன். வெச்சுக்கோன்னார். இதோட சொந்தச் சுருள் எங்கேயோ பெட்டி இல்லாம கிடக்கும்னார்.

அதனால நண்பர்களே, 66 செ.மீ. நீளத் தண்டு, விசிறியில் ஆர்க்கிட், பெட்டி கிடையாது. சந்தையில யார் கண்ணுலயாவது பட்டா இங்க ஒரு வரி போடுங்க.

சந்தேகசாமி

பார்த்தா சொல்றேன். முதல்ல நான் வாங்கிட்டு அப்புறம்தான் சொல்லுவேன்.